ரகசியம் சாமியின் பக்க எண்

ரகசியம் சாமியைப் போல வாயை மூடத் தெரியாத மனிதர் திருவனந்தபுரத்தில் அவருக்கு முன்னும் இருந்ததில்லை, இனிமேலும் பிறக்கப் போவதில்லை. பத்மநாபசுவாமி படுத்தபடியே இருப்பதற்குக் காரணம், எழுந்து உட்கார்ந்தால் சாமி பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவார் என்ற பயம்தான் என்று அவருடைய ஸ்ரீவராகத்துத் தெருக்காரர்களே சொல்வார்கள். அப்படிப்பட்ட வாயை ஒரு முற்பகலில் ஒரே வாக்கியத்தில் மூடவைத்தவன் நான்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் வாழ்க்கையில் செய்த கேவலமான காரியம் அது. வயதானபின் எழுத உட்காருகிறவர்கள் தங்கள் தவறைக் கட்டுரையின் நடுவில் எங்காவது ஒளித்துவைப்பார்கள். ஒளித்துவைக்கிற காரியத்தில் எனக்கு ராசி இல்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. நாகர்கோவில் பக்கத்திலிருந்து படித்துவிட்டுப் போன நான், ஊருக்கு வெளியே ஒரு பாறைக்குன்றின் மேல் இருந்த பல்கலைக்கழகத்தில் டெப்யூட்டி லைப்ரேரியனாக இருந்தேன். நகரத்துக்குள்ளே இன்னொரு பல்கலைக்கழகம், எங்களுடையதைவிடப் பழையது. இரண்டும் சேர்ந்து வேலை செய்வது என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டவை. ஊழியர்கள் வாயில் அது 'டவுன்', இது 'குன்னு'. சாமி டவுன் லைப்ரரிக்காரர்.

நூலகத்தில் எல்லோரும் பார்ப்பது முன்பக்கத்தை. அலமாரிகள், நீள மேஜைகள், மின்விசிறிக்கு அடியில் தூங்கும் மாணவன். பின்னால் ஓர் அறை உண்டு. கடையிலிருந்து வரும் புத்தகம் அங்கேதான் நூலகப் புத்தகமாக மாறும். அதற்கு எண் போடுவார்கள், எந்தத் துறையில் சேர்ப்பது என்று முடிவு செய்வார்கள், அட்டை தட்டச்சு செய்வார்கள், முதுகில் சீட்டு ஒட்டுவார்கள், முத்திரை குத்துவார்கள். குழந்தைக்குப் பேர் வைத்து, காது குத்தி, அம்மை குத்திப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது மாதிரி. அந்த அறைக்கு டெக்னிக்கல் செக்‌ஷன் என்று பெயர். ராக்கெட் செய்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே தயாரான ஒரே பொருள், பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசை.

முத்திரைகளில் ஒன்று மட்டும் தனி. தலைப்புப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் திருட்டுப் புத்தகம் யாருடையது என்று சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு நூலகமும் உள்ளே ஒரு பக்க எண்ணைத் தேர்ந்துகொண்டு, எல்லாப் புத்தகங்களிலும் அந்தப் பக்கத்தில் சின்னதாக ஒரு முத்திரை வைக்கும். அதற்கு ரகசியப் பக்கம் என்று பெயர். ஆற அமர யோசித்தால் இதில் ஒரு ரகசியமும் இல்லை. புத்தகத்தைப் புரட்டுகிறவன் கண்ணில் அது பட்டே தீரும். ஆனால் டவுன் லைப்ரரியில் அந்த முத்திரை சாமியின் கையில் இருந்தது. அவர் அறையில் யாரையும் ஆற அமர யோசிக்க விட்டதில்லை.

சுகாதார நிலையத்திலிருந்து கழித்துப் போட்ட ஒரு பச்சைத் துணித் திரையை அவர் எப்படியோ வாங்கிவந்திருந்தார். நோயாளிக்கு ஊசி போடும்போது மறைப்பார்களே, அந்தத் திரை. முத்திரை குத்தும் நேரத்தில் அதை விரித்து, புத்தகங்களோடு உள்ளே போய்விடுவார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பாதமும் வேட்டிக் கரையும் மட்டும் தெரியும். பர்ர் என்று பக்கம் புரளும். டக். பிறகு மை காய்வதற்காக ஊதும் சத்தம். உள்ளே பிரசவம் நடக்கிறதோ என்று பயந்து திரும்பிப் போன பேராசிரியர்கள் உண்டு.

இத்தனை பத்திரமும் அந்த ஓர் எண்ணுக்கு மட்டும்தான். மற்ற எந்தச் செய்தியும் அவரிடம் ஒரு மத்தியானம் தங்கியதில்லை. எதையும் அவர் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார். பக்கத்தில் நெருங்கி, தோளில் கைவைத்து, "சார்கிட்டெ மட்டுமாக்கும் சொல்றேன், கேட்டேளா" என்பார். அந்த வாக்கியத்தைக் கேட்காத ஆள் இரண்டு பல்கலைக்கழகத்திலும் இல்லை. டவுன் லைப்ரேரியனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்ற செய்தி, அவர் மனைவிக்குத் தெரிவதற்கு முன்னால் எங்கள் குன்னு கேன்டீனுக்கு வந்துவிட்டது. டவுன் செக்‌ஷனில் தட்டச்சு செய்த சாரதாம்மா தன் மகளுக்கு ஒரு வரன் பார்த்திருந்தார். முடிவாகும்வரை யாருக்கும் தெரியக் கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்து, மனம் பொறுக்காமல் சாமியிடம் சொல்லித் தொலைத்தார். மறுநாள் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "பையன் கல்ஃபிலா அல்லே சாரதாம்மே?" என்று கேட்டாராம்.

"சாமி, ஞான் ஆரோடும் பறயருதுன்னு பறஞ்ஞதல்லே?" என்று சாரதாம்மா சண்டைக்குப் போனார்.

"நான் ஆர்கிட்டயும் சொல்லலையே. கண்டக்டர்கிட்டெ மட்டுமாக்கும் சொன்னேன்."

ஆனால் பக்க எண்ணைக் கேட்டால் முகம் மாறிவிடும். கன்னியாகுமரிக் கடலைக் காட்டி ஆழம் கேட்டமாதிரி பார்ப்பார். ஒரு வருஷம் தணிக்கைக்கு வந்த அதிகாரி, ரகசியப் பக்கம் எது என்று கேட்டிருக்கிறார். எழுத்தில் ஆர்டர் கொண்டுவரச் சொல்லிவிட்டார் சாமி. அதிகாரிக்குக் கோபம் வந்து, கைக்கு அகப்பட்ட ஒரு புத்தகத்தை எடுத்து அவர் கண்ணெதிரிலேயே புரட்ட ஆரம்பித்தார். சாமி சட்டென்று எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"என்ன சாமி, தேடறதைப் பாக்க மாட்டேளா?"

"பாத்தா நான் காட்டிக் கொடுத்ததா ஆயிடும். நீங்க கண்டுபிடிச்சா அது உங்க பாவம்."

அதிகாரி கண்டுபிடித்தாரா என்பது தெரியாது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஒல்லிப் புத்தகங்கள் சாமிக்கு எமன். ரகசியப் பக்கம் வருவதற்கு முன்பே முடிந்துவிடும் புத்தகத்தில் எங்கே குத்துவது? கவிதைத் தொகுப்பு வந்தால் கையில் எடுத்து நிறுத்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "இவாள்ளாம் நம்மளை நினைச்சு எழுதறதே இல்லை, கேட்டேளா. இன்னும் நாலு பாட்டு சேத்துப் பாடினா வாய் தேஞ்சா போயிடும்?" அதற்கென்று அவரிடம் வேறொரு கணக்கு இருந்தது. அது ரகசியத்துக்குள் ரகசியம். சில புத்தகங்களில் அந்தப் பக்கத்தில் முழுப்பக்கப் படம் இருந்துவிடும். கேரளத்து யானைகளைப் பற்றிய ஒரு விலை உயர்ந்த புத்தகம். நெற்றிப்பட்டம் கட்டி நின்ற ஒரு கொம்பனின் துதிக்கையில் டவுன் பல்கலைக்கழகத்தின் முத்திரை விழுந்துவிட்டது. வாங்கச் சொன்ன பேராசிரியர் வந்து குதித்தார்.

"திருடன் யானைப் படத்தைப் பாத்து மனசு மாறித் திருப்பிக் கொடுப்பானா சார்? இப்போ எங்கே போனாலும் நம்ம யானைன்னு சொல்லலாம் அல்லோ?" என்றார் சாமி.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

இரண்டு நூலகங்களும் ஒரே புத்தகத்தை இரண்டு தடவை வாங்கி, அதற்கு இரண்டு இடத்தில் இரண்டு எண் போட்டு, இரண்டு விதமாக வகைப்படுத்திக்கொண்டிருந்தன. தென்னையைப் பற்றிய புத்தகம் டவுனில் வேளாண்மையில் இருக்கும். குன்னில் எண்ணெய்த் தொழிலில் இருக்கும். இந்த வேலையை ஒன்றாக்கி, குன்னில் ஒரே டெக்னிக்கல் செக்‌ஷன் வைத்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்று திட்டம் எழுதிக் கொடுத்தவன் நான். நல்ல திட்டம். இன்றைக்கும் அதைக் குறைசொல்ல மாட்டேன். எங்கள் லைப்ரேரியன் நாற்காலி காலியாக இருந்தது. இணைப்பைச் செய்து முடிப்பவனுக்கே அது என்று எனக்கு ஜாடையாகச் சொல்லியிருந்தார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இணைப்பு என்றால் ஆள் மிச்சமாகும். மிச்சமாகிறவர்களுக்கு டவுன் பரீட்சைப் பிரிவின் விடைத்தாள் கிட்டங்கி என்று ஏற்பாடு. ஜன்னல் இல்லாத கொட்டகை. எழுதித் தோற்றவர்களின் காகிதம் கூரை வரை அடுக்கியிருக்கும். அங்கே போனவர்கள் தும்மிக்கொண்டே ஓய்வுபெறுவது வழக்கம்.

அந்த நாட்களில்தான் டவுன் செக்‌ஷனைப் பார்வையிட நான் அடிக்கடி போனேன். முதல் நாளே சாரதாம்மா என்னைத் தனியாக அழைத்தார். செக்‌ஷனுக்குப் புதிதாக யார் வந்தாலும் முதலில் சொல்வது அதைத்தானாம்.

"சாரே, இவிடத்தெ ரகசியப் பக்கம் இன்னது" என்று எண்ணைச் சொன்னார். பிறகு திரையின் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பக்ஷே நமக்கு அறியாம்னு சாமிக்கு அறியருது. அதாணு இவிடத்தெ சட்டம்."

அதாவது, எல்லோருக்கும் தெரியும். பசை தடவுகிறவருக்கு, பைண்டருக்கு, டீ கொண்டுவருகிறவருக்கு, எல்லோருக்கும். அவர்களுக்குத் தெரியும் என்பது மட்டும் சாமிக்குத் தெரியக் கூடாது. யார் வாயிலிருந்தும் எதையும் பிடுங்கிவிடும் ஒரு மனிதரை நடுவில் வைத்துக்கொண்டு, அந்த அறை முழுவதும் வருஷக்கணக்காக அந்த ஒன்றை அவரிடமிருந்து காப்பாற்றி வந்தது. எனக்கு அன்று சிரிப்பு வந்தது. டெக்னிக்கல் சர்வீஸ் என்ற பெயருக்கு நான் படித்த பாடங்களில் இது இல்லை.

இறுதிக் கூட்டம் டவுனில் நடந்தது. தலைமை ஒரு இயற்பியல் பேராசிரியர். இரண்டு செக்‌ஷன்காரர்களும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் திட்டத்தைப் படித்து முடித்தேன். இனிமேல் இரண்டு நூலகத்துக்கும் ஒரே ரகசியப் பக்கம் என்பது அதில் ஒரு வரி. முத்திரைக்குத் தனி ஆள் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் குத்தலாம் என்பது அடுத்த வரி.

சாமி எழுந்தார். கையில் குறிப்பு எதுவும் இல்லை. அவருக்கு எதற்குக் குறிப்பு?

"சார், ஒரு காரியம் சொல்லட்டுமா? கம்ப்யூட்டர் வரட்டும். நம்பர் ஒண்ணாகட்டும். பசைகூட ஒண்ணாகட்டும். ஆனா ரகசியப் பக்கம் ஒவ்வொரு லைப்ரரிக்கும் மானம் மாதிரியாக்கும். ரெண்டு குடும்பம் ஒரு வீட்டுல இருக்கலாம். ஒரே பொட்டியில ரெண்டு குடும்பத்துத் தாலியும் வெக்க முடியுமா? ஆர் வேணும்னாலும் குத்தலாம்னு சார் எழுதியிருக்கார். ஆர் வேணும்னாலும் குத்தினா அதுக்கு ரகசியம்னு பேர் எதுக்கு? அந்த மேசையும் முத்திரையும் டவுன்லயே இருக்கட்டும். புஸ்தகம் வந்து போகட்டும். இன்னும் கொஞ்ச காலந்தான், நானும் ரிட்டயர் ஆயிடுவேன்."

விஷயம் அவ்வளவுதான். கிட்டங்கிக்குப் போகாமல், அந்த மேஜையிலிருந்தே வீட்டுக்குப் போக வேண்டும். அதை அவர் வேறு எப்படிக் கேட்பார்?

தலைவர் தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டார். "அதில் ஒரு நியாயம் உண்டு, கேட்டோ" என்று என்னைப் பார்த்தார். மேஜை டவுனிலேயே தங்கினால், அதைச் சாக்கிட்டுப் பசை தங்கும், தட்டச்சு தங்கும், இணைப்பு காகிதத்தோடு போகும். என் நாற்காலியும் போகும். எனக்குச் சுள்ளென்று வந்தது.

"என்ன ரகசியம் சாமி? உங்க ரகசியப் பக்கம் இதுதானே?" என்று அந்த எண்ணைச் சொன்னேன்.

அன்று உரக்கச் சொன்ன அந்த எண்ணை இன்று எழுதப் போவதில்லை. ஒரு தடவை சொன்னது போதும்.

நான் அங்கேயும் நிறுத்தவில்லை. "இது எங்க குன்னுல டீ கொண்டுவர்றவருக்கும் தெரியும். இந்த ரூம்ல தெரியாதவங்க யாரு? கை தூக்கச் சொல்லுங்க பாப்போம்."

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததால் குன்னுக்காரர்கள் சிரித்தார்கள். டவுன்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. கையும் தூக்கவில்லை. சாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் பார்வை வந்த இடத்தில் தலைகள் குனிந்தன. கடைசியில் சாரதாம்மாவிடம் நின்றார்.

"சாரதாம்மே, நிங்ஙள்க்கும் அறியாமோ?"

சாரதாம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். தெரியும் என்பதற்கு அதுவே போதுமாக இருந்தது. சாமி உட்கார்ந்தார். கூட்டம் முடியும்வரை, அதற்குப் பிறகும், ஒன்றும் பேசவில்லை. திட்டம் நிறைவேறியது.

மிச்சமானவர்களின் பட்டியலை நான்தான் தயாரித்தேன். சாமி விடைத்தாள் கிட்டங்கிக்குப் போனார். எனக்கு நாற்காலி கிடைத்தது.

குன்னில் புதிய கூட்டுச் செக்‌ஷன் திறந்தது. டவுன்காரர்கள் காலையில் பஸ் பிடித்து வந்து, ஒரு ஓரமாக மேஜை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். கேட்டதற்குப் பதில் சொல்வார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. நான் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். அது மரியாதை என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கேன்டீனில் எந்தச் செய்தியும் இல்லை. யாருக்கு என்ன நோய், யார் மகளுக்கு எங்கே வரன் என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. ஒரு அட்டெண்டரின் அப்பா இறந்தது அவர் திரும்பி வேலைக்கு வந்தபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சாமி இருந்திருந்தால் கிழவர் கண்ணை மூடுவதற்கு முன்பே பாதிப் பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

முத்திரையின் கதி இன்னும் மோசம். நான் எழுதிய வரியின்படி யார் வேண்டுமானாலும் குத்தினார்கள். டவுன்காரர் கைக்கு வந்தால் டவுன் பக்கத்தில், குன்னுக்காரர் கைக்கு வந்தால் குன்னுப் பக்கத்தில், சந்தேகம் வந்தால் இரண்டிலும். ஒரு நாள் எதேச்சையாக ஒரு வேதியியல் புத்தகத்தைப் புரட்டினேன். உள்ளே இரண்டு பல்கலைக்கழகங்களின் முத்திரையும் இருந்தன. ஒரு பிள்ளைக்கு இரண்டு தகப்பன். அடுத்த புத்தகத்தில் ஒன்றுமே இல்லை, அநாதை. இரண்டு நூலகங்களை ஒன்றாக்குவது எப்படி என்று அப்போது நான் ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவு செய்துகொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அப்படியே ஸ்ரீவராகம் போனேன். வீட்டைக் கண்டுபிடிக்க அலையவில்லை. தெருமுனையில் 'ரகசியம் சாமி' என்றதும் காட்டிவிட்டார்கள். கதவைத் திறந்தது அவர் மனைவி. நான் யார் என்று சொன்னேன். அந்த அம்மாள் முகத்தில் கோபம் இல்லை. அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"வாங்கோ சார். உள்ளேதான் இருக்கார். வேற எங்கே போறார்?" என்று முன்னறையில் பிரம்பு நாற்காலியைக் காட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இப்போல்லாம் வாயே திறக்கறதில்லை, கேட்டேளா. தெருவுல உள்ளவா என்கிட்டெ வந்து, மாமாக்கு என்ன, உடம்பு சுகமில்லையான்னு கேக்கறா. இத்தனை வருஷம் கொஞ்சம் சும்மா இருங்கோளேன்னு நான் வேண்டாத தெய்வம் இல்லை. இப்படிப் பலிக்கும்னு நினைக்கலை" என்றார்.

சாமி வந்தார். இளைத்திருந்தார். இரண்டு தடவை தும்மினார். கிட்டங்கி.

"சாமி, நான் அன்னிக்கு செஞ்சது தப்பு. மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன்."

"நீங்க சொன்ன நம்பர் சரிதானே சார். தப்பா ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

அந்த அம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்தார். குடித்தோம். பிறகு அவரே கேட்டார்.

"எப்போலேர்ந்து எல்லாருக்கும் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த வித்தை எனக்கு வரவில்லை. "முதல்ல இருந்தே சாமி. புதுசா வர்றவங்களுக்கு முதல்ல அதைத்தான் சொல்வாங்களாம். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னும் சொல்வாங்களாம்."

சாமி காலி டம்ளர்களை எடுத்து ஓரமாக வைத்தார்.

"பாவம்" என்றார். "எத்தனை கஷ்டப்பட்டிருப்பா. ஒரு விஷயத்தைத் தெரிஞ்சுண்டு வாயை மூடிண்டிருக்கறது எவ்வளவு பெரிய கஷ்டம்னு வேற ஆருக்குத் தெரியும், எனக்கல்லாதே?"

திரும்பி வரும்போது சாலைக் கடைத்தெரு வழியாக நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் பாதிக் கடைகள் அடைத்திருந்தன. அரிசி மூட்டைக்காரர்கள் அடைத்த கதவுகளின் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். மனிதர்கள் பேசுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வெகுநேரம் அங்கே நின்றேன்.

அதன்பிறகு அவரைத் திரும்பக் கொண்டுவர அலைந்தேன். மிச்சம் என்று நானே எழுதிய ஆளைத் தேவை என்று நானே எழுத வேண்டியிருந்தது. பரீட்சைப் பிரிவு விட மறுத்தது. டவுன் நிர்வாகம் காரணம் கேட்டது. அந்த இயற்பியல் பேராசிரியர், "முத்திரை குத்த ஒரு ஸ்பெஷலிஸ்ட்டோ?" என்று மறுபடியும் சிரித்தார். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. இணைத்த செக்‌ஷனில் முத்திரை வேலை நாறிப்போயிருக்கிறது, அதற்குக் காரணம் என்னுடைய திட்டம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வரியைப் படித்தபிறகு என் மேல் இருந்த மதிப்பு அவருக்குக் குறைந்தது. ஆனால் கையெழுத்துப் போட்டார்.

ஆர்டர் வருவதற்குள் காலம் ஓடிவிட்டது. ஓய்வுக்குச் சில மாதங்களே இருக்கும்போது சாமி குன்னுக்கு வந்தார். டவுன் கிட்டங்கியில் கிடந்த பச்சைத் திரையை நான் முன்பே வரவழைத்திருந்தேன். எலி கடித்திருந்த இடத்தைச் சாரதாம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்த் தைத்து வந்திருந்தார். ஒட்டுப்போட்ட துணி நீலம். பச்சை கிடைக்கவில்லையாம்.

"இரண்டு லைப்ரரிக்கும் புதுசா ஒரு பக்கம் வேணும் சாமி. நீங்கதான் முடிவு பண்ணணும். எனக்குக்கூடச் சொல்ல வேண்டாம்" என்றேன்.

"கமிட்டி கேட்டா?"

"எனக்குத் தெரியாதுன்னு சொல்வேன்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்களுக்கு அது வருமா சார்?"

கேலி இல்லை. உண்மையாகவே சந்தேகம்.

திரை விரிந்தது. பாதங்களும் வேட்டிக் கரையும் தெரிந்தன. பர்ர். டக். ஊதும் சத்தம். அந்தக் கணத்தில் டவுன்காரர்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்து, நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். குன்னுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களும் திருப்பிப் போட்டார்கள். நான் இணைத்த இரண்டு செக்‌ஷன்களும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

ஆனால் கதை அவ்வளவு நல்லபடியாகப் போகவில்லை. சாமியின் பேச்சு திரும்பவில்லை. வருவார், குத்துவார், போவார். சாரதாம்மா வேண்டுமென்றே அவர் காதருகில் போய், தன் நாத்தனார் வீட்டுச் சண்டையை விலாவாரியாகச் சொல்லி, "ஆரோடும் பறயல்லே சாமி" என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். நாங்கள் எல்லோரும் கேன்டீனில் காத்திருந்தோம். மத்தியானம் ஆயிற்று, சாயங்காலம் ஆயிற்று. அந்தச் செய்தி வரவே இல்லை. "ஆரோடும் பறஞ்ஞில்லா" என்று சாரதாம்மா என் அறையில் வந்து நின்று அழுதார்.

ஓய்வுபெறும் நாளில் மாலை போட்டோம், கைக்கடிகாரம் கொடுத்தோம். எல்லோரும் போனபிறகு சாமி என் அறைக்கு வந்தார். முத்திரையை மேஜை மேல் வைத்தார். சார்ஜ் ஒப்படைக்க வேண்டும், பக்க எண்ணை அதிகாரியிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. எங்கள் இருவருக்கும் அது நினைவிருந்தது. அவர் சுற்றி வந்து, பக்கத்தில் நெருங்கி, என் தோளில் கையை வைத்தார்.

"சார்கிட்டெ மட்டுமாக்கும் சொல்றேன், கேட்டேளா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குனிந்து என் காதில் எண்ணைச் சொன்னார். கும்பிட்டார். போனார்.

அவர் பஸ் ஏறியிருக்கும் நேரத்தில், சரிபார்ப்பதற்காக அவர் கடைசியாக முத்திரை வைத்த புத்தகம் ஒன்றை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். முத்திரை இல்லை. இன்னொன்றை எடுத்தேன். இல்லை. இன்னும் ஒன்று. அதிலும் இல்லை. சாமி என்னிடம் சொன்னது பொய் எண்.

முதலில் கோபம் வந்தது. பிறகு தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு நின்றதும், அவர் செய்தது எவ்வளவு சரி என்பது மெல்ல உறைத்தது. ஊர் முழுவதையும் நம்பி எல்லாவற்றையும் சொன்ன மனிதர், ரகசியம் காக்கத் தெரியாதவன் என்று ஒருவனைத்தான் அடையாளம் கண்டிருந்தார். மூன்று புத்தகங்களும் மேஜை மேல் கிடந்தன. புரட்டினால் முத்திரை எங்கே என்று தெரிந்துவிடும். மூடி வைத்தேன். மறுநாள் முதல் வேறு பக்கம் என்று ஆர்டர் போட்டேன். சாமி காலத்துப் பக்கத்தை யாரும் தேட வேண்டாம் என்று வாயால் சொன்னேன். காரணம் யாரும் கேட்கவில்லை.

ஓய்வுக்குப்பின் சாமி அதிக காலம் இருக்கவில்லை. மார்புச் சளி என்றார்கள். கிட்டங்கித் தூசியா என்று நான் டாக்டர்களிடம் கேட்டதில்லை. கேட்கத் தைரியம் இல்லை. துக்கம் விசாரிக்கப் போனபோது முன்னறையில் சாரதாம்மா உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து செருப்பைத் தேடும்போது கேட்டார்.

"சாரே, சாமி அவசானம் குத்திய பக்கம் சாருக்கு அறியாமோ?"

"எனக்குத் தெரியாது. உங்களுக்கு?"

"எனிக்கும் அறிஞ்ஞூடா" என்றார், தனக்கும் தெரியாதென்று. அத்தனை மாதம் அந்தப் புத்தகங்களுக்கெல்லாம் சீட்டு ஒட்டியவர் சாரதாம்மா. எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தோம்.

குன்னு நூலகத்தில் எனக்கு இன்னும் புத்தகம் தருகிறார்கள். அந்தச் சில மாதங்களில் வந்த புத்தகமாகப் பார்த்துத்தான் எடுப்பேன். படித்துக்கொண்டு போகும்போது ஓரிடத்தில் அந்தச் சின்ன வட்ட முத்திரை வந்துவிடும். மை கொஞ்சமும் கலையாமல் இருக்கும், அவர் ஊதிய ஊதல் அப்படி. பக்க எண் இருக்கும் மூலையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பேன். முந்தின பக்கத்தின் எண் தெரிந்தால் இந்தப் பக்கத்தின் எண்ணும் தெரிந்துவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியாது. கணக்கில் நான் எப்போதுமே மோசம்.